ஏழாம் வினா

பேராதனையில் ஆய்வு முதுமாணிக்குப் பதிந்தபோது
என்னிடம் தலைப்பு மட்டும்தான் இருந்தது,
இரண்டு வரி நீளத்துக்கு.
மஸ்கெலியாவில் பஸ் இறங்கி
மேல் டிவிசனுக்கு ஏறும் குறுக்குப் பாதையில்
அதைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன்.
இரண்டாம் முடக்கில் மூச்சு முட்டியது.
தலைப்பு பாதியில் நின்றது.

நூற்றுப் பன்னிரண்டு பேர் வேண்டும்.
இருபது வினாக்கள்.
ஒவ்வொன்றுக்கும் பூச்சியத்திலிருந்து நான்கு வரை.
விடை இல்லையென்றால் தொண்ணூற்றொன்பது.

'நெஞ்சு அடைக்குது' என்பதைக்
கொழும்பில் ஒருவர் ஆங்கிலமாக்க,
கண்டியில் இன்னொருவர் தமிழுக்குத் திருப்ப,
இருதய நோயாகி வந்து சேர்ந்தது.
'மேலுக்கு முடியல' என்பது
'மேலே ஏற முடியவில்லை' என்று வந்தது.
அதை வெட்டப் பேனாவை எடுத்து
வைத்துவிட்டேன்.
யோசித்தால் அதுவும் சரிதான்.

முதல் நாள்
சம்மதப் படிவத்தை நீட்டியதும்
பவளராணி கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.
"போன தடவ போட்ட கையெழுத்துக்கே
வெள்ளிக்கு வெள்ளி
மோட்டார் சைக்கிள்ல வந்து நிக்கிறாங்க புள்ள."
லயத்தில் ஒவ்வொரு கதவாகச் சாத்திக்கொண்டது.
கையில் இருந்த தாளில் நானே எழுதியிருந்தேன்:
பங்கேற்பாளருக்கு நேரக்கூடிய ஆபத்து,
மிகக் குறைவு.

அறநெறிக் குழு மாதம் ஒருமுறைதான் கூடும்.
கையெழுத்து வேண்டாம், வாய்ச்சொல் போதும்
என்ற ஒற்றை வாக்கியத்துக்கு
மூன்று மாதம்.
அதற்குள் மழை வந்து போனது,
புலமைப்பரிசில் ஒரு தவணை நின்றது,
அம்மா வட்ஸ்அப்பில் கேட்டாள்:
'பைத்தியத்துக்குத்தான் மருந்து இருக்கே,
நீ ஏன் இன்னும் படிக்கிற?'

திரும்பப் போனேன்.
பிரட்டு கலைந்த பிறகு, கொழுந்து நிறுக்கும் இடத்தில்,
பிள்ளைக்காம்பராவின் ஈரப் படியில் இருந்து கேட்டேன்.
ஆறு வரை ஒழுங்காகச் சொன்னார்கள்.
தூக்கம், இரண்டு.
பசி, மூன்று.
ஏழாவது:
உங்கள் வாழ்க்கை உங்கள் கையில் இருப்பதாக உணர்கிறீர்களா?

பவளராணி சிரித்தாள்.
பக்கத்தில் கூடையை இறக்கிய தெய்வயானை
இன்னும் பெரிதாகச் சிரித்தாள்.
பத்து விரலையும் என் முன்னால் விரித்து
"இதுலயா?" என்றாள்.
வெடிப்புக்குள் கொழுந்துக் கறை கறுத்துக் கிடந்தது.
தராசுக்கு அந்தப் பக்கம் கணக்கப்பிள்ளை
என்னவென்று தெரியாமலே தானும் சிரித்தான்.

பூச்சியமா, நான்கா?
கையேட்டைப் புரட்டினேன்.
மௌனத்துக்குக் குறியீடு உண்டு.
மறுப்புக்கு உண்டு.
அழுதால் பேட்டியை நிறுத்தித்
தொலைபேசி இலக்கம் எழுதிக் கொடுக்கவேண்டும்.
சிரித்தால் என்ன செய்வதென்று
ஒரு வரியும் இல்லை.

நாற்பத்து மூன்றாம் படிவம் நிரப்பும்போது
கோப்பின் அட்டையிலிருந்து ஓர் அட்டை
நெளிந்து இறங்கியது.
யாரிடம் குடித்ததோ,
ஏழாம் வினாவின் பெட்டிக்குள்
பொட்டளவு இரத்தம்.
தூரத்திலிருந்து பார்த்தால்
விடை குறித்த மாதிரியே இருந்தது.

மேற்பார்வையாளர் கலாநிதி அமரதுங்க
கணினித் திரையை என் பக்கம் திருப்பினார்:
ஏழாவது மற்றவற்றோடு சேர்ந்து வரவில்லை.
எடுத்துவிட்டால் அளவுகோலின் நம்பகம்
புள்ளி எட்டைத் தாண்டும்.
அவர் சொன்னதில் பிழையில்லை.
எடுத்தேன். தாண்டியது.
அவர் சந்தோஷமாகத் தேநீருக்குச் சொன்னார்,
நான் சீனி போடாமலே குடித்து முடித்திருக்கிறேன்.

அன்றிரவு விடுதியில்
விரிதாளின் வலக்கோடியில் ஒரு நிரல் திறந்து
'சிரிப்பு' என்று தலைப்பிட்டேன்.
ஓரக்குறிப்பிலும் நினைவிலும் இருந்ததை வைத்து
ஒன்று, பூச்சியம், ஒன்று, ஒன்று.
நூற்றுப் பன்னிரண்டில் அறுபத்தொரு பேர்.

மற்ற ஐம்பத்தொரு பேரும் சிரிக்கவில்லையா,
அல்லது நான்
குனிந்து எழுதிக்கொண்டிருந்தேனா?
ஆய்வின் வரையறைகள் என்ற பகுதியில்
இதைச் சேர்க்கவேண்டும்.
மூன்று வரிக்கு மேல்
போகக்கூடாதாம்.